மாதாவுக்குப் பக்கத்தில் ஒரு பரோலோ

1

"அந்த பாட்டல என்னா பண்ணப் போற லூர்து?"

என் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகப் போகிறது, நினைவுப் பூசைக்கு ஊரில் கோயிலில் எழுதி வைத்தாயிற்றா என்று கேட்கத்தான் அண்ணிக்குப் போன் செய்தேன். அண்ணி என்றால் அவருடைய அக்கா. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மலைப் பக்கம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். பூசை, சாமியார், மாமனார் கல்லறைக்குச் சுண்ணாம்பு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு அண்ணி பாட்டிலைத்தான் விசாரித்தார்.

ஊரில் எங்கள் சொந்தக்காரர்களில் அந்தப் பாட்டிலைத் தெரியாதவர்கள் கிடையாது. வீடியோ கால் வந்த காலத்திலிருந்து என் கணவர் அதை எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். எங்கள் மகன் பெலிக்ஸ் பிறந்த வருடத்துத் திராட்சையில் செய்த ஒயின் அது. பெயர் பரோலோ. இத்தாலிக்காரர்கள் ஒயின்களுக்கெல்லாம் ராஜா என்று சொல்வது. அவன் கல்யாணத்தன்று திறப்பதற்காக வேளாங்கண்ணி மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் பதினேழு வருடம் நின்றது.

"தெறக்கப் போறோங்க அண்ணி. அவரு சொல்லிட்டுத்தான் போனாரு. பெலிக்ஸ்தான் வேணாங்கறான்."

"ஏன் வேணாங்கறான்? அப்பன் வெச்சிட்டுப் போனது அவனுக்கு ஆவலையா?"

ஒரு வருடமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. என் மகனுக்குத் தன் அப்பாவை நினைத்து வெட்கமா? ஆமாம் என்று நம்பிக்கொண்டுதான் அந்த மனுசன் கண்ணை மூடினார். நிஜம்தானா என்று அவனிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. இந்த வருட நினைவு நாளில் அதற்குப் பதில் கிடைத்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

நாங்கள் இருப்பது இத்தாலியின் வடமேற்கு மூலையில், பியமோந்தே என்கிற மாநிலத்தில். ஆல்பா என்ற ஊரைச் சுற்றி லாங்கே என்று குன்றுகள். குன்று என்றால் நம் சித்தேரி மலை மாதிரி காடும் பாறையும் அல்ல. அடியிலிருந்து உச்சி வரை திராட்சைக் கொடி வரிசை. சீப்பால் வாரிவிட்ட தலை போல இருக்கும். மழை பெய்து வானம் தெளிந்தால் தூரத்தில் ஆல்ப்ஸ் மலை பனியோடு தெரியும். சுற்றுலா வருகிறவர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். அந்தச் சரிவில் குனிந்து நிற்பவர்களில் பாதிப் பேர் எங்களைப் போல வெளிநாட்டுக்காரர்கள். அது போட்டோவில் தெரியாது.

பரோலோ செய்கிற திராட்சைக்கு நெபியோலோ என்று பெயர். நெபியா என்றால் இங்கே மூடுபனி. அக்டோபரில் மூடுபனி இறங்குகிற நேரத்தில்தான் பழுக்கும் என்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். எல்லாத் திராட்சைக்கும் முன்னால் துளிர்க்கும், எல்லாவற்றுக்கும் பின்னால் பழுக்கும். தோல் மெல்லிசு. ஆனால் துவர்ப்பு மட்டும் அசாத்தியம். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் கிலோ போட்டு விற்கிற பன்னீர் திராட்சையை நினைத்துக்கொண்டு முதல் வருடம் ஒரு குலையைக் கையில் எடுத்தேன். நாலு பழத்துக்கு மேல் தின்ன முடியவில்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்தத் துவர்ப்பு அடங்கத்தான் ஒயினை மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் போட்டு வைக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு மேல் ஆகாமல் பரோலோ என்று பெயர் வைத்து விற்கக் கூடாது, சட்டமே அப்படி. நல்ல வருடத்துப் பாட்டில் இருபது முப்பது வருடம் தாங்கும் என்கிறார்கள்.

குடி வாசனையே ஆகாத குடும்பம் இந்த ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் கணவருடைய பெரியப்பா மகள் கன்னியாஸ்திரி, தூரின் பக்கம் ஒரு மடத்தில் இருந்தார். அவர் சொல்லி ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் என் பெரியண்ணன் குடியால் செத்தவன். முப்பத்தி நாலு வயது. அவனைத் தூக்கிக்கொண்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அலைந்த அப்பா, குடிக்காத மாப்பிள்ளைக்குத்தான் பெண் என்று சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று அந்தோணிசாமி, அதாவது என் கணவர், யாரும் கேட்காமலே கோயில் பீடத்துக்கு முன்னால் போய் நின்று, இந்த வாயில் ஒரு சொட்டு படாது என்று வார்த்தைப்பாடு கொடுத்தார். அப்படிப்பட்டவரைக் கடவுள் கொண்டுபோய்ப் பரோலோவில் விட்டார். இத்தனை வருடம் ஒயினுக்கு உழைத்தவர் அது இனிக்குமா கசக்குமா என்று தெரியாமலே போனார்.

ஊரில் இதை யாரும் நம்பவில்லை. லீவில் போனால், "ஒயின் பேக்டரில இருந்துக்கிட்டு குடிக்கறதில்லையாம், கத வுடறான்" என்று முகத்துக்கு நேராகவே சிரிப்பார்கள். நம் ஊர் ஒயின் ஷாப்பில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும், அவர்கள் என்ன செய்வார்கள்? இவர் கோபப்பட மாட்டார். திராட்சைத் தோட்டம் என்று மட்டும் திருத்துவார்.

அவருக்கு அந்த வேலையில் ஒன்றே ஒன்றுதான் பிடிக்கவில்லை. கோடையில் காய்களில் பாதியை வெட்டித் தரையில் தள்ளச் சொல்வார்கள். மீதிப் பாதிக்குச் சத்து சேர வேண்டுமாம். முதல் வருடம் அந்த வேலையை முடித்துவிட்டு வந்தவர் சாப்பிடவில்லை. "பாலக்கோட்டுல வெல இல்லாதப்ப தக்காளிய ரோட்டுல கொட்டுவாங்களே, அது மாதிரி இருக்குது. இங்க வெல நல்லா வரணும்னு கொட்டறாங்க" என்றார். ஒவ்வொரு கோடையிலும் நாலைந்து பச்சைக் குலையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருவார். நான் மாங்காய்க்குப் பதில் அதைக் குழம்பில் போடுவேன்.

3

பாட்டில் வந்தபோது பெலிக்ஸுக்கு நாலு வயது. அவன் பிறந்த வருடத்து ஒயின் அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது. பிள்ளை பிறந்த வருடத்துப் பாட்டிலை எடுத்து வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். தோட்டத்து முதலாளி ரெனாத்தோ தன் பேரப் பிள்ளைகளுக்கு எடுத்து வைத்ததோடு எங்கள் பிள்ளைக்கும் ஒன்று கொடுத்தார். அதைப் பெரிய மரியாதை என்று நினைத்தோம், பெரிய மரியாதைதான்.

அன்று சாயங்காலம் என் கணவர் அதைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார்.

"இருட்டுல படுக்க வெச்சிட்டு மறந்துரச் சொல்றாரு" என்றார்.

"படுக்க வெக்கறதா? எதுக்கு?"

"தெரியல. புள்ள பேர்ல குடுத்தத யாராச்சும் படுக்க வெப்பாங்களா?"

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நம் ஊரில் படுத்துக் கிடக்கிற பாட்டில் எது? சர்க்கார் கடைக்குப் பின்னால் புளிய மரத்தடியில் குடித்துவிட்டு எறிந்ததுதானே. சரக்கு இருக்கிற பாட்டில் நிற்கும், காலிப் பாட்டில் கிடக்கும். மகன் பெயரில் வந்ததை அப்படிப் போட மனசு வருமா? கூடத்துச் சுவரில், ரேடியேட்டருக்கு மேலே, சுரூபம் வைக்கிற பலகையில் மாதாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தோம். குளிர்காலத்தில் வீட்டிலேயே கதகதப்பான இடம் அது. தினமும் ஜெபமாலை சொல்லும்போது கொளுத்துகிற மெழுகுவர்த்தி வெளிச்சம் பாட்டிலிலும் படும். கோடை வந்தால் பாட்டில் கழுத்தில் லேசாகப் பிசுபிசுப்பு இருக்கும். மெழுகு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்து வைப்பேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் இவர் அதை எடுப்பார். கையில் கொடுக்க மாட்டார், காட்டுவார். "எம்பையன் பொறந்த வருசத்து சரக்கு. அந்தத் தோட்டத்துல நான் வெட்டின பழம். அவங் கல்யாணத்தன்னிக்குத் தெறப்போம். நான் குடிக்க மாட்டேன், ஊத்துவேன்." வார்த்தை மாறாமல் இதையே சொல்வார்.

பெலிக்ஸ் சின்னப் பையனாக இருந்தபோது கூடவே நின்று அந்த வசனத்தை அவரோடு சேர்ந்து சொல்வான். பெரியவனான பிறகு, அப்பா பலகைப் பக்கம் கையை நீட்டினாலே எழுந்து வெளியே போய்விடுவான். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியில் இறங்குகிற சத்தம் கேட்கும். வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். இவர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

4

பிள்ளைகள் விலகிப்போகிறார்கள் என்று வெளிநாட்டில் இருக்கிற எல்லாத் தாயும் புலம்புவாள். எனக்கு அது படிப்படியாகத் தெரிந்தது. பெலிக்ஸ் சின்னதில் பேசியது அப்படியே எங்கள் ஊர்ப் பேச்சு. எங்கள் இரண்டு பேர் வாயைத் தவிர வேறு தமிழ் கேட்டதில்லையே. பக்கத்து வீட்டு நாயைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். பள்ளிக்கூடம் போன பிறகு தமிழ் குறைந்தது. நான் தமிழில் கேட்பேன், அவன் இத்தாலியனில் பதில் சொல்வான். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் நேரம் கிடைக்கவில்லை. நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை ஷிப்ட், அவர் தோட்டத்தில்.

பதினாறு வயதில் ஒயின் சம்பந்தமான படிப்புக்குப் போகிறேன் என்றான். எனக்கு என் அண்ணன் முகம்தான் ஞாபகம் வந்தது. இவர்தான், "குடிக்கறதுக்கா போறான், படிக்கறதுக்குப் போறான்" என்று கையெழுத்துப் போட்டார். இப்போது ஆல்பாவில் ஒரு பெரிய உணவகத்தில் வேலை. வந்தவர்கள் சாப்பிடப் போவதற்கு எந்த ஒயின் பொருந்தும் என்று சொல்லி ஊற்றுகிற வேலை. அங்கே அவன் பெயரை இத்தாலியனாக்கிப் பெலீச்சே என்று கூப்பிடுகிறார்கள்.

படிக்கிற காலத்தில் என்னிடமும் பாடம் நடத்துவான். பரோலோவுக்குக் கொழுப்பான கறி வேண்டும். மாட்டுக்கறியை அதே ஒயினில் மணிக்கணக்கில் வேக வைத்து, கூடவே மக்காச்சோள மாவில் பொலெந்தா கிண்டி வைப்பார்கள். பொலெந்தாவைப் பார்த்தால் நம் களிதான். முட்டை நிறையப் போட்டுப் பிசைந்த மெல்லிய நூடுல்ஸில் வெண்ணெய் ஊற்றி வெள்ளைக் காளானைச் சீவிப் போடுவார்கள், அதற்கும் பொருந்தும். பழைய பாலாடைக்கட்டிக்கும் பொருந்தும். "நம்ம சாப்பாட்டுக்கு ஆவாதும்மா. மொளகா பட்டா தொவர்ப்பு எரிச்சலா மாறிரும், ஒயின் செத்துரும்" என்றான். எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. இத்தனை வருடம் இந்த மண்ணில் இவர் வேர்வை விட்டிருக்கிறார், இதில் விளைந்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு சேராதாம்.

போன வருடம் கோடையில் இவருக்குக் கணையத்தில் புற்று என்றார்கள். நவம்பருக்குள் முடிந்துவிட்டது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கல்யாணம் வரைக்கும் நான் இருக்க மாட்டேன். எம் மொத வருசத்தன்னிக்கு அந்த பாட்டல அவன் கையால தெறக்கச் சொல்லு." கையை விடாமலே மறுபடி சொன்னார். "அவனுக்கு இஷ்டமில்லன்னா கட்டாயப்படுத்தாத. எம் பொழப்பு அவனுக்கு வெக்கமா இருக்குது போல. பெரிய பெரிய ஆளுங்களுக்கு ஊத்தறவன். அப்பன் மண்ணுல நின்னவன்னு வெளிய தெரியறது சங்கடந்தான. இருந்துட்டுப் போவுது, நல்லா இருந்தாச் சரி."

அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னேன். என் குரலில் எனக்கே நம்பிக்கை இல்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

செத்த பிறகும் அலைச்சல் விடவில்லை. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இந்த நாட்டுக்கு அது இல்லாமல் ஆகாது. அவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று அவர் அப்பா பெயர் சவரிமுத்து. என்னுடையதில் என் அப்பா பெயர். மகனும் இங்கே சவரிமுத்து ஆகிவிட்டான். செத்தவருக்கு நான் மனைவி என்று இரண்டு பேரின் பெயரிலிருந்தும் தெரியவில்லை. அலுவலகத்துப் பெண் நல்லவள்தான், காப்பி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தாள். ஆனால் ஊர்க் கோயிலில் கொடுத்த திருமணச் சான்று போதாது என்றாள். அதற்குப் பதிவு, மொழிபெயர்ப்பு, அதன் மேல் முத்திரை. அண்ணி இரண்டு பஸ் மாறித் தருமபுரி கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். புருசன் செத்து அழுது முடிப்பதற்குள், அவன் என் புருசன்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் பெலிக்ஸ்தான் லீவு போட்டு என்னோடு ஒவ்வொரு அலுவலக ஜன்னலாக வந்து நின்றான். வாய் திறந்து அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

5

நினைவு நாளன்று காலையில் மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை. பெலிக்ஸ் காரில் வந்து என்னைக் கல்லறைக்குக் கூட்டிப் போனான்.

இங்கே எங்களுக்கு மண் கிடைக்கவில்லை. சுவரில் வரிசை வரிசையாக அறை, அதற்குள் பெட்டியைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். இவர் நாலாவது வரிசை. பூ வைக்க வேண்டும் என்றால் சக்கரம் வைத்த ஏணியை உருட்டிக்கொண்டு வந்து ஏற வேண்டும். ஊராக இருந்தால் குழிமேட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழலாம். ஏணியில் நின்றுகொண்டு எப்படி அழுவது? கீழே பெலிக்ஸ் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். இறங்கு இறங்கு என்று அவசரப்படுத்தவில்லை. நான் அந்தப் பளிங்கில் இருக்கிற போட்டோவைத் துடைத்துவிட்டு இறங்கினேன்.

பூசையில் சாமியார் பெயரை வாசித்தார், "அந்தோனியோ" என்று. எனக்கு யாரோ ஒரு இத்தாலிக்காரருக்குப் பூசை வைத்த மாதிரி இருந்தது. பெலிக்ஸ் பக்கத்தில் நின்று, சத்தமில்லாமல் வாயை அசைத்து அந்தோணிசாமி என்று சொன்னான். நான் பார்த்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலுக்கு நின்றேன். முந்தின நாளே ஆட்டுக்கறி வாங்கி வைத்திருந்தேன். இவருக்குக் களியும் கறிக்குழம்பும் என்றால் உயிர். கேழ்வரகு மாவு தூரினில் ஒரு கடையில் கிடைக்கும். மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தபோது கை நின்றது.

"பெலிக்ஸ், காரத்தக் கொறச்சிக்கட்டுமா? பாட்டல தெறக்கறமே."

கூடத்திலிருந்து பதில் வந்தது. "வேணாம்மா. அப்பாவுக்கு எப்பிடி செய்வியோ அப்பிடியே செய்யி."

"மொளகா பட்டா ஒயின் செத்துரும்னு நீதான சொன்ன?"

"பரவால்ல. காரமாவே செய்யி."

எனக்குச் சுருக்கென்றது. உணவகத்தில் வருகிற யாரோ ஒருவர் தட்டில் மிளகு அதிகம் என்றால் பதறுகிறவன், அப்பா வைத்துவிட்டுப் போனது கெட்டாலும் பரவாயில்லை என்கிறான். அவ்வளவுதான் மதிப்பா? கோபத்தில் ஒரு கரண்டிக்கு இரண்டாக அள்ளிப் போட்டேன்.

களியை உருட்டி மேசையில் வைத்தேன். இவர் போட்டோவுக்கு முன்னால் ஒரு தட்டு. மாதா பக்கத்தில் இருந்து பாட்டிலை நானே எடுத்து வந்தேன். பெலிக்ஸ் எழுந்தான்.

"அம்மா, அது அப்பிடியே இருக்கட்டுமே. தெறக்காமயே வெச்சிக்கலாம். பாக்கறதுக்கு அப்பா ஞாபகமா இருக்கும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஒரு வருடமாக அடக்கி வைத்தது வெடித்துவிட்டது. "ஏன்டா, அவரு வெட்டின பழத்துல செஞ்சத உன் கையால தெறக்கறது அவ்ளோ கேவலமா இருக்குதா உனக்கு? அவரு இருக்கும்போதும் இத எடுத்தா எழுந்து போன. செத்தும் அதே கததானா? சொல்லு. அப்பன நெனச்சா உனக்கு வெக்கமா?"

அவன் பையிலிருந்து தக்கை உருவுகிற, இரண்டு பல் வைத்த கருவியை எடுத்தான். பழைய தக்கைக்கு அதுதான் வேண்டும் போல. வேண்டாம் என்கிறவன் அதைக் கொண்டுவந்திருக்கிறானே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

6

அவன் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டினான்.

"கழுத்து வரைக்கும் இருந்தது. இப்ப எங்க நிக்குது பாரு."

ஒயின் பாட்டிலின் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. பதினேழு வருடம் தினமும் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. தக்கையைப் பிடித்து இழுத்தான். உதிர்ந்து பொடியாக வந்தது. ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றினான். கரைத்து வைத்த புளித்தண்ணி நிறம். நெபியோலோ வயசானால் நிறம் மங்கும் என்று அவனே சொல்லியிருக்கிறான், அதனால் நிறத்தை வைத்து எனக்கு எதுவும் புரியவில்லை. வாசனை வந்தது. எனக்கு ஒயின் தெரியாது. ஆனால் சமையலறையில் வேலை செய்கிறவளுக்கு வினிகர் வாசனை தெரியாதா?

"கெட்டுப் போச்சா?"

"ம்."

"எப்பத்துலருந்து?"

"தெரியலம்மா. படுக்க வெக்கலன்னா தக்க காஞ்சிரும், காத்து உள்ள போயிரும். கீழ வேற ரேடியேட்டர். ஸ்கூல்ல மொத வருசம் சொல்லிக் குடுத்தாங்க, பாட்டில எங்க வெக்கணும், எப்பிடி வெக்கணும்னு. அன்னிக்கு வூட்டுக்கு வந்ததும் மொத வேலையா இதத்தான் எடுத்துப் பாத்தேன். அப்பவே எறங்கியிருந்துது. கழுத்துல கசிஞ்சி ஒட்டியிருந்துது."

நான் துடைத்துத் துடைத்து வைத்தது மெழுகு இல்லை.

"ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"யாருகிட்டம்மா சொல்றது?" அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "அப்பா தெனமும் அதுங்கிட்ட மெழுவத்தி கொளுத்தறாரு. வர்றவங்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டறாரு, எம்பையன் கல்யாணத்துக்குன்னு. அவருகிட்டப் போயி இதுல ஒண்ணும் இல்லீங்கப்பா, எப்பவோ போயிருச்சு, நீங்கதான் கெடுத்துட்டீங்கன்னு சொல்லச் சொல்றியா? ஒரு நாளு சொல்லிரலாம்னு பக்கத்துல போயி உக்காந்தேன். என்னாடா சாமின்னு சிரிச்சாரு. சொல்ல முடியல. அப்புறம் அவரு அத எடுத்தாலே என்னால அங்க நிக்க முடியாது. அழுவ வந்துரும். அதான் வெளிய போயிருவேன்."

அவன் பதினாறு வயதில் இதைத் தூக்கிச் சுமக்க ஆரம்பித்திருக்கிறான். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியில் இறங்கி ஓடிய பிள்ளை கீழே போய் என்ன செய்திருப்பான்? தெருமுனையில் நின்று அழுதிருப்பான். நாங்கள் மேலே உட்கார்ந்து, அவனுக்கு வெட்கம் என்று முடிவு கட்டிக்கொண்டோம். அழுகை அடக்க முடியாமல் வந்தது. அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஒரு வருடத்துக்கும் சேர்த்து அழுதேன்.

அழுது ஓய்ந்த பிறகு அவன் அந்தக் கிளாஸை எடுத்து, முகம் சுளிக்காமல் ஒரே மூச்சில் குடித்தான். "அப்பா குடுத்தது" என்றான். அப்புறம் கை கழுவிக்கொண்டு வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். களியைக் கிள்ளிக் குழம்பில் தொட்டான், ஆனால் வாயில் வைக்கவில்லை.

"அம்மா."

"சொல்லு."

"நான் எழுந்து போறது அப்பாவுக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரில ஏதாச்சும் சொன்னாரா?"

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இவர் போட்டோவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தால் இப்போதே எழுப்பி உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன், உங்க பையனுக்கு வெட்கமில்லையாம், கேட்டுக்குங்க என்று. அந்த மனுசன் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார். இனி அதை எந்த ஏணி வைத்து ஏறியும் அவரிடம் சொல்ல முடியாது. இவனிடம் நிஜத்தைச் சொன்னால் மீதி வாழ்நாள் முழுக்க அது இவனைத் தின்றுகொண்டிருக்கும்.

"இல்ல சாமி. அவரு கவனிச்சதே இல்ல. பாட்டல எடுத்துட்டாருன்னா அந்தச் சந்தோசத்துல யாரு இருக்காங்க, யாரு போறாங்கன்னு பாப்பாரா அவரு? உன்னப் பத்திப் பெருமையாத்தான் பேசிட்டுப் போனாரு."

"நெசமாவா?"

"மாதா மேல சத்தியமா."

அவன் நம்பிவிட்டான். களி வாய்க்குள் போனது. காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டான். தட்டு காலியானதும் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.